விழுந்தது யார் தவறு?



வீடியோ கேம் பற்றிப் பேசவேண்டுமென்றால் கதை, ஓவியம், இசை, வியாபாரம் என்று எத்தனையோ இருக்கின்றன. இன்று மாலை அவற்றையெல்லாம் ஓரமாக வைத்துவிடுகிறேன். ஒருவர் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அதற்குப் பதில் கிடைப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. ஒரு கேம் நல்ல கேமா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது என்று நான் நம்புகிறேன். அதைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

ஒரு குழியிலிருந்து தொடங்கலாம். 1982-ஆம் ஆண்டு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படம் ஓடு ஓடு என்று ஓடிக்கொண்டிருந்தது. அதை வீடியோ கேமாக்கும் உரிமையை அட்டாரி நிறுவனம் வாங்கியது. பேரம் படிந்தபோது ஜூலை கடைசி. கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சரக்கு கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் செப்டம்பர் பிறக்கும்போது நிரல் தயாராக இருந்தாக வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற புரோகிராமருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்து வாரம். அவர் முடித்துக் கொடுத்தார்.

அந்தக் கேமில் ஈ.டி. தன் தொலைபேசியின் பாகங்களைக் குழிகளுக்குள் தேடவேண்டும். குழியைச் சுற்றிக்கொண்டு போகவும் வேண்டும். திரையில் ஈ.டி. குழிக்கு இந்தப் பக்கம் கெட்டித் தரையில் நிற்பார். கால் தரையில்தான் இருக்கிறது என்று நம் கண் சொல்லும். ஆனால் அவர் தலையின் ஓரம் குழியின் படத்தை ஒரு பிக்சல் உரசினால் போதும், உள்ளே விழுந்துவிடுவார். மெல்ல மிதந்து மேலே வந்தால், வந்த வேகத்திலேயே மறுபடி விழுவார். குழந்தைகள் அழுதார்கள், பெற்றோர் கேட்ரிட்ஜைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1983-இல் அட்டாரி தன் விற்காத சரக்கை நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக்கிடங்கில் புதைத்தது. 2014 ஏப்ரலில் அங்கே தோண்டியபோது மற்ற கேம்களோடு ‘ஈ.டி.’ கேட்ரிட்ஜ்களும் மண்ணிலிருந்து வெளியே வந்தன.

அட்டாரியின் சரிவுக்கு இந்த ஒரு கேமைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. சந்தையே அப்போது தேவைக்கு மீறிய சரக்கால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. வார்ஷாவைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அதே 1982-இல் வெளிவந்த அவருடைய ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ அட்டாரி 2600 என்ற கேம் கருவிக்கு வந்த சிறந்த ஆட்டங்களில் ஒன்று என்று இன்றைக்கும் பேசப்படுகிறது. அதைச் செதுக்கப் பல மாதங்கள் இருந்தன. ‘ஈ.டி.’க்கு அந்த மாதங்கள் இல்லை, அவ்வளவுதான்.

என் கவலை அந்தக் குழி. கணினியின் கணக்கில் அங்கே பிழையே இல்லை. இரண்டு படங்கள் ஒன்றையொன்று தொட்டனவா? தொட்டன. எனவே விழவேண்டும். துல்லியமான கணக்கு. ஆனால் ஆடுகிற பிள்ளை, ‘நான் விழவில்லை, நீ தள்ளிவிட்டாய்’ என்றுதான் உணர்ந்தது. அந்த உணர்வு வந்துவிட்டால் அப்புறம் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. நான் ஒவ்வொரு கேமையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: விழுந்தது யார் தவறு? ‘என் தவறுதான், இன்னொரு முறை பார்க்கிறேன்’ என்று ஆடுகிறவர் தானாகச் சொன்னால் அந்தக் கேம் தேறிவிட்டது.

அப்படிச் சொல்ல வைப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதைத் தாவலை வைத்துப் பார்ப்போம். கேமில் ஓர் உருவம் குதிப்பதைவிட எளிய காரியம் கிடையாது என்றுதான் தோன்றும்.

1981-இல் நின்டெண்டோவின் ‘டாங்கி காங்’ வந்தது. பிற்பாடு மரியோ என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கப்போகிற ஆள் அதில்தான் முதலில் குதித்தார். பட்டனை அழுத்தினால் ஒரே உயரம், ஒரே வளைவு. கிளம்பிய பிறகு அந்தரத்தில் திசை மாற்ற வழியில்லை. சற்றுத் தாழ்வான இடத்தில் விழுந்தாலே உயிர் போய்விடும். நல்ல ஆட்டம்தான், ஆனால் விறைப்பானது. நான்கு வருடம் கழித்து, 1985 செப்டம்பரில், ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ வந்தபோது அதே மனிதர் வேறு மாதிரி குதித்தார். பட்டனைத் தொட்டு விட்டால் சிறு குதி. அழுத்திப் பிடித்தால் உயரக் குதி. ஓடிவந்து குதித்தால் இன்னும் உயரம், இன்னும் தூரம். அந்தரத்தில் மனம் மாறினால் திசைப் பட்டனைத் தட்டிக் கொஞ்சம் பின்வாங்கிக்கொள்ளலாம்.

இயற்பியலில் இதற்கெல்லாம் இடமே இல்லை. குதித்த பிறகு எந்த மனிதனும் ‘இன்னும் கொஞ்சம் மேலே போகட்டும்’ என்று முடிவெடுக்க முடியாது. மரியோ மேலே ஏறும்போது பட்டன் அழுந்தியிருக்கும் வரை புவியீர்ப்பு குறைவாக இருக்கிறது, விரலை எடுத்ததும் கூடிவிடுகிறது. அதனால் ஏறுவது மெதுவாகவும் இறங்குவது விரைவாகவும் இருக்கும். ஓட்டத்தின் வேகத்துக்கு ஏற்ப அந்தப் புவியீர்ப்பு எண்களும் மாறுகின்றன. இவ்வளவும் மொத்தம் 40 கிலோபைட் கேட்ரிட்ஜுக்குள். மேகத்துக்கும் புதருக்கும் தனித்தனிப் படம் வைக்க இடமில்லாமல் ஒரே படத்துக்கு வெள்ளையும் பச்சையும் அடித்து ஒப்பேற்றிய குழு அது. அந்தச் சிக்கனத்திலும் ஒரு குதிக்காக எத்தனை எண்களைச் செலவழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேரம் ஆடியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பலகையில் பவுடர் தூவாமல் ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். காய்கள் அவைதான், விதியும் அதுதான், நான்கு மூலைப் பைகளும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் நீங்கள் நினைத்த தூரம் ஸ்டிரைக்கர் போகாது. கொஞ்ச நேரத்தில் உங்கள் கையின் மீதே உங்களுக்கு நம்பிக்கை போய்விடும். வீடியோ கேமில் அந்தப் பவுடரை எண்களாகத் தூவுகிறார்கள். கேம்பிளே, மெக்கானிக்ஸ் என்றெல்லாம் சொல்கிறோமே, அதில் விதி பாதி. மீதிப் பாதி இந்தப் பவுடர்.

மரியோவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2018-இல் ‘செலெஸ்ட்’ என்ற கேம் வந்தது. மேடி தார்சன், நோயல் பெரி இருவரும் ஒரு சிறு குழுவோடு செய்தது. மேடலின் என்ற பெண் ஒரு மலையின் உச்சிக்கு ஏறப்போகிறாள். அவளுக்குத் தெரிந்தது மூன்று காரியம்: தாவுவாள், சுவரைப் பற்றி ஏறுவாள், அந்தரத்தில் ஒருமுறை விசையோடு பாய்வாள். கேம் முழுக்க இந்த மூன்றுதான். மிகக் கடினமான கேம், முதல்முறை ஆடுகிறவர் ஆயிரம் தடவைக்கு மேல் சாவது சாதாரணம். ஆனாலும் ‘இது அநியாயம்’ என்று யாரும் கன்ட்ரோலரை வீசுவதில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

மேடலின் ஒரு பாறையின் விளிம்பை நோக்கி ஓடுகிறாள். எதிர்ப்பக்கப் பாறை தூரத்தில் இருக்கிறது, அதனால் கடைசி அங்குலம் வரை ஓடித்தான் தாவ நினைப்போம். கண் விளிம்பைப் பார்க்கிறது, மூளை ‘இப்போது’ என்கிறது, விரல் அழுத்துகிறது. கன்ட்ரோலரும் தொலைக்காட்சியும் தங்கள் பங்குக்குச் சில மில்லிநொடிகளை விழுங்குகின்றன. கட்டளை வந்து சேரும்போது மேடலின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் இருக்கிறாள். கறாரான கணினி, ‘காலடியில் தரை இல்லை, தாவ முடியாது’ என்று சொல்லிவிடும். ‘செலெஸ்ட்’ அப்படிச் சொல்வதில்லை. தரையை விட்டு நீங்கிய பிறகும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் அவளைத் தரையில் இருப்பவளாகவே கணக்கில் வைத்துக்கொள்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் அது ஆறு ஃபிரேம். கேம் செய்கிறவர்கள் இதைக் ‘கயோட்டி டைம்’ என்பார்கள். கார்ட்டூனில் மலைமுகட்டைத் தாண்டி ஓடிப்போய், கீழே பார்க்கும் வரை விழாமல் அந்தரத்தில் நிற்குமே ஓர் ஓநாய் போன்ற மிருகம், அதன் பெயரால் வந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. மேலிருந்து இறங்கிக்கொண்டே, தரை தொடுவதற்கு ஒரு கணம் முன்பே அவசரப்பட்டு மறுபடி தாவல் பட்டனை அழுத்திவிடுகிறீர்கள். கேம் அதை மனத்தில் வைத்துக்கொண்டு, கால் தரையில் பட்ட மறுகணம் உங்களுக்காகத் தாவுகிறது. தாவும்போது தலை மேற்கூரையின் மூலையில் இடித்தால், இடித்து விழவைக்காமல் அவளைச் சில பிக்சல் பக்கவாட்டில் நகர்த்தி மேலே அனுப்பிவிடுகிறது. பட்டனைப் பிடித்தபடி இருந்தால் தாவலின் உச்சியில் புவியீர்ப்பைப் பாதியாகக் குறைத்து, எங்கே இறங்குவது என்று பார்த்துக்கொள்ள ஒரு நொடித்துளி கூடுதலாகத் தருகிறது. சுவரிலிருந்து உதைத்துத் தாவ, சுவரைத் தொட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இரண்டு பிக்சல் தள்ளி இருந்தாலும் தொட்டதாக எடுத்துக்கொள்கிறது.

ஆடுகிறவருக்கு இவற்றைப் பற்றி எந்தத் தகவலும் தரப்படுவதில்லை. தார்சன் பின்னாளில் ட்விட்டரில் ஒவ்வொன்றாக விளக்கியபோதுதான் பலருக்கும், அந்தக் கேமை மனப்பாடமாக ஆடியவர்களுக்கும், தங்களுக்கு இவ்வளவு கைகொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதுவரை அவர்கள் ‘என் கை நன்றாகப் பழகிவிட்டது’ என்று நினைத்திருந்தார்கள். அது பொய்யும் இல்லை. அவர்கள் உண்மையிலேயே சரியான நேரத்தில் சரியான முடிவை எடுத்தார்கள். முடிவுக்கும் விரலுக்கும் நடுவே நழுவிப்போனதைத்தான் கேம் பிடித்துக் கொடுத்தது.

இதைக் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் ஆட்டத்தை எளிதாக்கிவிட்டார்கள்’ என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தூரத்தைத் தப்பாக மதிப்பிட்டுத் தாவினால் ‘செலெஸ்ட்’ உங்களை முள்ளில்தான் தள்ளும், இரக்கமே காட்டாது. அது மன்னிப்பது கையின் தடுமாற்றத்தை மட்டும். அதோடு, உண்மையிலேயே எளிதாக வேண்டும் என்பவர்களுக்கு வெளிப்படையாக ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். அமைப்புகளுக்குள் போய் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், சாகாத வரம்கூட வாங்கிக்கொள்ளலாம். கை நடுக்கம் உள்ளவர்களும் விரல்கள் முழுதாக இயங்காதவர்களும் அந்த மலையை ஏறி முடித்திருக்கிறார்கள் என்றால் அதனால்தான். மறைவாகக் கொடுத்தது ஒன்று, கேட்டு வாங்கிக்கொள்ளக் கொடுத்தது ஒன்று. இரண்டையும் பிரித்து வைத்த விதத்தில் எனக்கு அந்தக் குழுவின் மீது பெரும் மரியாதை உண்டு.

இந்தப் பழக்கம் புதிதும் அல்ல. 1980-இல் தோரு இவாதானி வடிவமைத்த ‘பேக்-மேன்’ கேமில், மூலை வருவதற்குச் சில பிக்சல் முன்பே திசையைத் திருப்பினால் பேக்-மேன் குறுக்கே வெட்டித் திரும்பிவிடுவார். துரத்தும் பேய்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் முந்திக்கொள்ளலாம். மயிரிழையில் தப்பித்தோம் என்ற சிலிர்ப்பு அங்கிருந்து வருகிறது. திரை முழுக்கக் குண்டுகள் பூமாரியாகப் பொழியும் ஜப்பானிய விமானச் சண்டை ஆட்டங்களைப் பார்த்திருப்பீர்கள், 1997-இல் வந்த ‘டோடான்பாச்சி’ மாதிரி. அவற்றில் விமானத்தின் படம் பெரிதாக இருக்கும். குண்டு பட்டால் சாகிற இடமோ அதன் நடுவில் ஒரு சிறு புள்ளிதான். இறக்கையை உரசிக்கொண்டு குண்டு போகும், நாம் உயிரோடு இருப்போம். ‘ஈ.டி.’யின் குழிக்கு நேர் எதிரான கணக்கு இது. தொட்டது என்று படம் சொன்னாலும், தப்பித்தோம் என்று மனம் சொன்னால் மனத்தின் பக்கம் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பை எதுவரை நீட்டலாம்? ‘சிவிலைசேஷன்’ வியூக ஆட்டங்களைச் செய்த சிட் மையர் 2010-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் உருவாக்குநர் மாநாட்டில் ஒரு விஷயம் சொன்னார். வெற்றி வாய்ப்பு மூன்றுக்கு ஒன்று என்று திரையில் காட்டிய போரில் தோற்றால் ஆடுகிறவர்கள் கொதித்துப்போனார்களாம். நான்கு முறைக்கு ஒருமுறை தோற்பதுதான் கணக்கு என்று சொன்னாலும் ஏற்கவில்லை. ஆனால் அதே ஆட்கள் ஒன்றுக்கு மூன்று என்ற நிலையில் ஜெயித்தால், அதை முழுத் தகுதியோடு வென்றதாக எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அவருடைய குழு, திரையில் காட்டும் கணக்கிலிருந்து விலகி, ஆடுகிறவர்களின் உணர்வுக்கு ஏற்ப முடிவுகளைச் சாய்த்தது.

இங்கே எனக்குத் தயக்கம் இருக்கிறது. ‘செலெஸ்ட்’ ஆறு ஃபிரேம் கொடுத்தபோது என் விரலைத்தான் திருத்தியது. வாய்ப்பின் எண்ணைத் திரையில் காட்டிவிட்டு வேறு எண்ணால் ஆட்டத்தை நடத்தும்போது, என் அறிவுக்குத் தவறான பாடம் நடக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்றால் நிச்சயம் என்று நம்புகிற மனம் வாழ்க்கையில் எங்கெங்கே அடிபடும் என்று எல்லாருக்கும் தெரியும். வியூக ஆட்டம் ஆடுகிறவருக்கு அந்த ஏமாற்றத்தைப் பழக்கித் தருவதுதான் நல்லது என்பது என் கட்சி. மையர் பெரிய கலைஞர், அவரோடு இந்த ஓர் இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன்.

இதுவரை சொன்ன சிறு திருத்தங்களைத்தான் மெருகு என்கிறேன். மெருகு என்றதும் வழவழப்பு, இலகு, வேகம் என்று எண்ணிவிடக் கூடாது. 1986-இல் வந்த ‘காசில்வேனியா’வில் சைமன் பெல்மான்ட் குதித்தால் டாங்கி காங் காலத்து விறைப்புதான்: கிளம்பிய வளைவில்தான் இறங்கவேண்டும். சவுக்கை வீசினால் ஒரு கணம் தாமதித்துத்தான் அடி விழும். ஆனால் அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு எதிரியும், ஒவ்வொரு படிக்கட்டும் இந்தக் கனத்தை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டிருக்கிறது. யோசித்துவிட்டுக் கால் வைக்கச் சொல்லும் ஆட்டம் அது. 2011-இல் ஹிடெடாகா மியாசாகி இயக்கிய ‘டார்க் சோல்ஸ்’ அதே வழியில் வந்தது. வாளை ஓங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. காயத்துக்கு மருந்து குடிக்க நின்றால், குடித்து முடிக்கும் வரை எதிரி காத்திருக்க மாட்டான். கனமான கவசம் போட்டால் உருண்டு தப்பிப்பதும் மந்தமாகிவிடும். இதையெல்லாம் கேம் மறைக்கவில்லை. எதிரி கை ஓங்கும் விதத்திலேயே அடி எப்போது விழும் என்று தெரிந்துவிடுகிறது. அதனால்தான் செத்த பிறகு மனம் அந்தக் கணத்துக்குத் திரும்பிப் போகிறது: பேராசைப்பட்டு இன்னொரு வெட்டு வெட்டப் போனேன், அதுதான் தப்பு. கடினமான கேமுக்கும் கரடுமுரடான கேமுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

இந்த வேலையில் எண்கள் எவ்வளவு சிறியவை என்பதற்கு இன்னொரு சான்று. ‘ஹேலோ 3’ கேமில் தொலைதூரத் துப்பாக்கியின் இரண்டு குண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை 0.5 நொடியிலிருந்து 0.7 நொடியாக மாற்றியதைப் பற்றி அதன் வடிவமைப்பாளர் ஜெய்மி க்ரீஸ்மர் ஒரு முழு உரையே நிகழ்த்தியிருக்கிறார். அதுவும் 2010-இல் அதே மாநாட்டில்தான். ஒரு நொடியில் பத்தில் இரண்டு பங்கு. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அந்தத் துப்பாக்கி கையில் கிடைத்தவர் கிட்டத்திலும் தூரத்திலும் எல்லாரையும் வீழ்த்திக்கொண்டிருந்த நிலை மாறி, மற்ற ஆயுதங்களுக்கும் வாழ்வு வந்தது.

சில நேரம் மெருகு தற்செயலாகவும் வந்து சேரும். 1978-இல் தொமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ செய்தபோது 55 வேற்றுக்கிரக உருவங்களையும் வேகமாக நகர்த்த அந்தக் காலத்துச் சில்லால் முடியவில்லை. சுட்டு வீழ்த்த வீழ்த்த அதன் சுமை குறைந்து, மிச்சம் இருப்பவை வேகம் பிடித்தன. அவர் அதைக் கோளாறாக நினைத்துச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார். முடிவு நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும் அந்த அனுபவம் உலகத்துக்குக் கிடைத்தது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ கேமில் அடுத்தடுத்து அடியைக் கோத்து விடும் காம்போவும் அப்படித்தான் பிறந்தது. காரை உடைக்கும் போனஸ் சுற்றைச் சோதிக்கும்போது, எதிர்பாராத ஓர் அடி கூடுதலாக விழுவதை அதை உருவாக்கிய குழுவின் நொரிடாகா ஃபுனாமிசு கவனித்தார். கவனிக்க ஆள் இருந்ததால் அது நிலைத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் கைக்கு நியாயம் செய்வது. கை பழகிய பிறகு அதன் வழியாக மனத்தையும் தொடமுடியும். 2013-இல் ஜோசஃப் ஃபாரெஸ் இயக்கிய ‘பிரதர்ஸ்’ என்ற கேம் இரண்டு சகோதரர்களின் பயணம். கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கும் இடது பட்டனும் அண்ணனுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு. தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் அண்ணன் முதுகைப் பற்றிக்கொண்டுதான் வருவான். ஆடாதவர்கள் இருந்தால் மன்னிக்கவேண்டும், முடிவைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கடைசியில் அண்ணன் இறந்துவிடுகிறான். தம்பி தனியாகத் திரும்பி வருகிறான், எதிரே தண்ணீர். வலப்பக்கப் பட்டனை அழுத்துகிறோம், இறங்க மறுக்கிறான். வழி தெரியாமல் தவித்து, அத்தனை நேரம் சும்மா கிடந்த இடது கை விரல் அண்ணனின் பட்டனை அழுத்துகிறது. தம்பி நீந்தத் தொடங்குகிறான். திரையில் ஒரு சொல்லும் வராது. சில மணி நேரம் அந்த விரல் அண்ணனாகவே இருந்து பழகியிருக்கிறது, இப்போது அது தம்பிக்குள் போய்ச் சேர்கிறது. நாவலாலோ சினிமாவாலோ இதைச் செய்ய முடியாது என்று துணிந்து சொல்வேன். அந்தக் கட்டுப்பாடு முதல் மணி நேரத்திலேயே எரிச்சலூட்டியிருந்தால் இந்தக் கணமும் பிறந்திருக்காது.

நம் சமையலறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. டொரான்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’. 1980-களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை. அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும், புட்டுக் குழலில் மாவும் தேங்காய்த் துருவலும் எந்த வரிசையில் போகவேண்டும் என்று விடுபட்ட வரியை நாம் யோசித்து நிரப்பவேண்டும். தப்பாகச் செய்தால் தண்டனை இல்லை, மறுபடி செய்யலாம். இதில் கேம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஊரையும் அம்மாவையும் விட்டு வந்தவள், அம்மா இந்த இடத்தில் என்ன செய்திருப்பாள் என்று யோசிப்பதுதான் அந்தப் புதிர். கதையும் கையின் வேலையும் ஒரே பாத்திரத்தில் வேகின்றன. 2024-இல் சுயாதீனக் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலைமைப் பரிசும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன.

இதே கைத்திறன் கெட்டதற்கும் பயன்படுகிறது, அதையும் சொல்லாமல் போனால் பேச்சு முழுமையாகாது. சூதாட்ட எந்திரம் ஒன்றில் 100 காசு வைத்து ஆடுகிறீர்கள். 40 காசு திரும்பி வருகிறது. 60 காசு நட்டம். ஆனால் எந்திரம் விளக்கு எரிய, மணி ஒலிக்க, வெற்றிக்கான கொண்டாட்டத்தை அப்படியே நடத்தும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வெற்றி வேடமிட்ட தோல்வி என்று பெயரிட்டு ஆராய்ந்தார்கள். அந்த நேரத்தில் உடல் உண்மையான வெற்றிக்குப் பதற்றப்படுவது போலவே பதற்றப்படுகிறது என்று கண்டார்கள். ஒலி, ஒளி, சரியான கணத்தில் ஒரு சிறு அதிர்வு: நல்ல கேமுக்கு உயிர் கொடுக்கும் அதே கருவிகள். ஆன்லைன் ரம்மியில் பணத்தையெல்லாம் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகளை இந்த அரங்கில் எல்லாருமே படித்திருப்பீர்கள். தமிழ்நாடு சட்டமன்றம் 2022-இல் அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது, வழக்குகளும் தொடர்ந்தன. நான் சட்டம் தெரிந்தவனல்ல. கேம் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: விழுந்ததை விழுந்தது என்று காட்டாமல் மறைக்கிற மெருகு, மெருகே அல்ல. அதைச் செய்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நம் துறையைச் சேர்ந்தவரில்லை.

கடைசியாக, இங்கே கேம் செய்யும் ஆசையோடு வந்திருக்கும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள்.

நம் ஊரில் பெரும்பாலோர் ஆடுவது போனில். பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் ஆடும் பிள்ளைகள் நான்கு விரலை நண்டுக் கால் போல மடக்கிக்கொண்டு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் திரையில் பட்டனுக்கு விளிம்பு கிடையாது, விரல் எங்கே இருக்கிறது என்று தொட்டு உணர வழியில்லை, போதாக்குறைக்குக் கட்டைவிரலே பாதிப் படத்தை மறைக்கிறது. கன்ட்ரோலருக்குத் தேவைப்பட்ட பரிவைவிட இந்தக் கண்ணாடிக்கு அதிகம் வேண்டும். விலை குறைந்த போன் அரைமணி ஆட்டத்தில் சூடேறி, ஃபிரேம் குறைந்து, லேக் அடிக்கத் தொடங்கும். உங்கள் கேமை விலை உயர்ந்த போனில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிடாதீர்கள். நம் மக்கள் எந்த போனில் ஆடுவார்களோ அதை வைத்துக்கொண்டு எண்களைத் திருத்துங்கள்.

உலகத்தை முதலில் கட்டாதீர்கள். 1996-இல் வந்த ‘சூப்பர் மரியோ 64’ செய்தபோது மியாமோட்டோவின் குழு மலையையும் கோட்டையையும் எழுப்புவதற்கு முன்பு, ஒரு சிறு இடத்தில் மரியோவை ஓடவிட்டு, ஒரு முயலைத் துரத்திப் பிடிக்க வைத்தது. இலக்கு, மதிப்பெண், கதை எதுவுமில்லாமல் வெறுமனே ஓடுவதும் திரும்புவதும் இன்பமாக இருக்கும் வரை அதிலேயே உழன்றார்கள். அந்த முயல் பிறகு கோட்டையின் அடித்தளத்தில் கேமுக்குள்ளேயே வந்தது. நீங்களும் நான்கு சுவர், ஒரு தரை, ஓர் உருவம் மட்டும் வைத்துத் தொடங்குங்கள். அந்த வெற்று அறையிலேயே உங்களுக்குப் போரடித்தால், கோபுரம் கட்டினாலும் போரடிக்கும்.

‘செலெஸ்ட்’ முதலில் பிறந்தது 2015-இல், பைக்கோ-8 என்ற சிறு கேம் கருவியில், நான்கே நாளில். இன்றும் இணைய உலாவியில் இலவசமாக ஆடலாம், அதன் நிரலையும் திறந்து படிக்கலாம். அதில் ‘கிரேஸ்’ என்று ஒரு மாறி இருக்கிறது, மதிப்பு 6. அந்தக் கருவியில் நொடிக்கு 30 ஃபிரேம் என்பதால் அது 0.2 நொடி. முழு கேமாக வளர்த்தபோது அதையே 0.1 நொடியாகக் குறைத்தார்கள். நான்கு நாள் அவசரத்திலும் அதை விட்டுவிடவில்லை, வருடக்கணக்கில் உழைக்க நேரம் கிடைத்தபோதும் அப்படியே வைத்துவிடவில்லை. நீங்கள் செய்யும் தாவலிலும் அதே போல ஓர் எண்ணை வையுங்கள். ஒரு நாள் அதைச் சுழியமாக்கி, உங்கள் கேமை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். தங்கை, பக்கத்து வீட்டுப் பையன், யாராக இருந்தாலும் சரி. பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். எந்த இடத்தில் விழுகிறார், விழுந்ததும் திரையைத் திட்டுகிறாரா, மறுபடி உடனே ஓடுகிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த எண்ணை 6 ஆக்கி, காரணம் சொல்லாமல் இன்னொருவரிடம் கொடுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். இந்தச் சோதனையை யாராவது செய்துவிட்டு வந்தால், அந்தத் தாள்களைப் பார்க்க எனக்கு மிகுந்த ஆவல் இருக்கிறது.

இனி உங்கள் கேள்விகள்.